ஐயா பார்த்துச் சொன்ன காசு

ஆற்காடு ரூபாய் என்று பெயர் பெற்ற வெள்ளிக் காசுகளில் பெரும்பங்கு ஆற்காட்டில் அடித்தவை அல்ல. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தார்கள். கல்கத்தா நாணய ஆலையில்கூட அடித்துக் கப்பலேற்றினார்கள். ஆனால் எல்லாவற்றிலும் பாரசீக எழுத்தில் ‘ஆற்காட்டில் அடித்தது’ என்றே இருக்கும். சென்னைக் காசில் முகலாயரான இரண்டாம் ஆலம்கீர் பாதுஷாவின் பெயரும், ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டும் சேர்ந்திருக்கும். அந்த பாதுஷா டெல்லியில் கொலையுண்டது 1759-ல். அவர் பெயரும் அந்த ஆண்டும் சென்னை ரூபாயில் 1835 வரை மாறவே இல்லை. சந்தையில் அந்த எழுத்துக்குத்தான் மதிப்பு என்பதுதான் காரணம். முகம் தெரியாத புதுக் காசை நீட்டினால், காசு மாற்றித்தரும் சராப்புக் கடைக்காரர் வட்டம் என்ற கழிவைப் பிடித்துக்கொண்டு குறைத்துத்தான் கொடுப்பார்.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பெரியவர் போன தை மாதம் காலமானார். வாலாஜாபேட்டைக்காரர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டார் விருப்பப்படி பெயரைத் தவிர்க்கிறேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் கிடையாது, எல்லோருக்கும் ‘ஐயா’தான். வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி பக்கத்துக் காசுப் பைத்தியங்கள் கூடிய குழு அது. நகைப் பட்டறைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியர், தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர், கல்லூரி மாணவர்கள் என்று பலர் இருக்கிறார்கள். வரலாற்றைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவர்கூட இல்லை.

ஐயா போன அன்று வழக்கமான இரங்கல்கள் வந்தன. மாலை போட்ட படமும், கைகூப்பிய பொம்மைகளும் வந்தன. பிறகு ஆளாளுக்கு ஒரு காசுப் படத்தைப் போட்டு, ‘ஐயா பார்த்துச் சொன்னது’ என்று கீழே எழுத ஆரம்பித்தார்கள். அஞ்சலியாகத்தான் அது தொடங்கியது. இரண்டு மாதத்துக்குள் அதே வாசகம் விற்பனை விளம்பரங்களில் வந்துவிட்டது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த வாசகம்தான். இறந்த பாதுஷாவின் பெயரைக் கம்பெனி ஏன் விடவில்லை என்பதை ஐயாவிடமே கற்றவர்கள் நாங்கள். ஐயாவின் பெயருக்கும் அதே கதி வந்தபோது எங்களில் பலருக்கு அது உடனே உறைக்கவில்லை.

ஐயா என்ன செய்தார் என்பது தெரிந்தால்தான் அவரோடு என்ன போனது என்பது புரியும்.

ஆலை இயந்திரம் வருவதற்கு முன் ரூபாயைக் கையால் அடித்தார்கள். அச்சு பெரிது, வெள்ளித் துண்டு சிறிது. அதனால் முழு வாசகமும் எந்தக் காசிலும் விழாது. ஒன்றில் பாதுஷா பெயரின் பாதி, இன்னொன்றில் ஆண்டு மட்டும், மற்றொன்றில் ஊர்ப்பெயரின் வால். எந்த ஆலை என்று காட்டும் அடையாளம் சென்னைக்குத் தாமரை, புதுச்சேரிக்குப் பிறை, கல்கத்தாவுக்கு ரோஜா. அந்த அடையாளம் துண்டுக்கு வெளியே போய்விட்டால் மிச்சமிருக்கும் எழுத்தின் சாயலை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இது போதாதென்று, வெள்ளி சுத்தமா என்று பார்க்க சராப்புக்காரர்கள் தட்டிய சின்னச் சின்ன முத்திரைகள் மேலேயே ஏறியிருக்கும். வட்டம், பூ, எழுத்து என்று ஆளுக்கொரு முத்திரை. அரைகுறையாக விழுந்த வட்ட முத்திரை பிறை மாதிரியே தெரியும். அனுபவம் இல்லாதவர்கள் சென்னை ரூபாயைப் புதுச்சேரிக் கணக்கில் எழுதுவது இங்கேதான்.

1807-க்குப் பிறகு இயந்திரத்தில் அடித்த ரூபாய்கள் வந்தன. அவற்றிலும் அதே பழைய பாதுஷா, அதே ஆண்டு. வாசகம் மாறாததால் எந்தக் கட்டத்தில் அடித்தது என்பதை விளிம்பை வைத்துப் பிரிப்பார்கள். கோடுகள் சாய்ந்திருக்கிறதா, நேராக நிற்கிறதா, கோடே இல்லையா என்று பார்க்க வேண்டும். அதனால் யார் காசுப் படம் போட்டாலும் ஐயா மூன்று கேட்பார்: எடை எவ்வளவு, விளிம்புப் படம் எங்கே, எங்கிருந்து வந்தது. முதல் கேள்விக்குப் பதில் வரும். இரண்டாவதற்குச் சலிப்போடு வரும். மூன்றாவதற்குப் பெரும்பாலும் வரவே வராது. அதற்கான காரணம் தனிக் கதை, பிறகு சொல்கிறேன்.

போலி பிடிப்பதில் அவருக்கு மந்திரம் ஒன்றும் இல்லை. நகைக்கடைத் தராசும் ஒரு தம்ளர் தண்ணீரும்தான். ஆற்காடு ரூபாய் பதினொன்றரை கிராம் சுற்றி இருக்கும். நூலில் கட்டித் தண்ணீரில் முழுக்கி எடை பார்த்தால், நல்ல வெள்ளியானால் சுமார் 1.1 கிராம் குறையும். வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் என்றால் 1.3 கிராம் வரை குறையும். அடித்த காசுக்கும் வார்த்த காசுக்கும் உள்ள வித்தியாசம் தோலிலேயே தெரியும். வார்ப்பில் மணல் புள்ளிகளும், விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தழும்பும் இருக்கும். இதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் படிக்கலாம். கையேட்டில் இல்லாதது, ஒரு காசு எல்லாச் சோதனையிலும் தேறிய பிறகும் அவர், “இல்லபா, எனக்கு மனசு ஒப்பல, எழுத்து ரொம்பச் சுத்தமா கீது” என்று ஒதுக்கிவைப்பாரே, அது. ஏன் ஒப்பவில்லை என்பதை அவரே பல நாள் கழித்துத்தான் கண்டுபிடித்துச் சொல்வார்.

அவர் சொன்ன பதில்களில் பாதிக்கு மேல் ‘இல்லை’ என்பதே. ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818’ என்று ஒரு பக்கமும் ராமர் சீதை, அனுமார் உருவங்கள் மறுபக்கமும் போட்ட செப்பு வில்லைகளைக் கொண்டுவராத ஆளே இல்லை. கோடிக்கணக்கில் விலை போகும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லை அது. அரிசியை இழுக்கும் சொம்பு, இரிடியம் என்று வரும் ரைஸ் புல்லிங் மோசடிக் கும்பலின் பேச்சும் அவ்வப்போது குழுவுக்குள் எட்டிப்பார்க்கும். 2012-ல் வெளியான வைஷ்ணவ தேவி படம் போட்ட அஞ்சு ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டியவர்களும் உண்டு. பழைய காசு விற்க வாங்க யாரையும் நியமிக்கவில்லை, கமிஷன் எதுவும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் அறிக்கை விட வேண்டி வந்தது. குழுவில் அந்த அறிக்கையை ஒட்டிவைத்தவர் ஐயா. ஒட்டிவைத்தும் கேள்வி நின்றபாடில்லை. அவரும் சலிக்காமல் ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

அவருக்குக் கோபம் வருவது ஒன்றுக்குத்தான். பளபளவென்று தேய்த்த காசைப் பார்த்துவிட்டால் குரல்பதிவு வரும்: “இன்னா தம்பி, புளி போட்டுத் தேச்சிட்டியா? போச்சு.” இருநூறு வருடம் படிந்த கறுப்பு போனால் காசின் தோலே போகிறது. பிறகு எது பழைய தேய்மானம், எது நேற்றைய தேய்ப்பு என்று யாரும் சொல்ல முடியாது. காசு பழசு என்பதற்குச் சாட்சி அந்தக் கறுப்புதான்.

இனி அந்த மூன்றாவது கேள்வி.

பழைய வீட்டை இடிக்கும்போதும், ஏரி வண்டல் எடுக்கும்போதும், அஸ்திவாரம் தோண்டும்போதும் காசுகள் கிடைக்கின்றன. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் இருந்து பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் காசு போய்விடும், அலைச்சல் மட்டும் மிஞ்சும் என்ற பயம் மக்களுக்கு. எனவே காசு கைமாறும்போது முதலில் கழன்று விழுவது ஊர்ப்பெயர். கண்டெடுத்தவர் பட்டறைக்காரரிடம் சொல்ல மாட்டார். பட்டறைக்காரர் வியாபாரியிடம் சொல்ல மாட்டார். வியாபாரி தன் வசதிக்கு ஓர் ஊரைச் சொல்வார். ஊர் இல்லாத ஆற்காடு ரூபாய் ஒரு வெள்ளித் துண்டு, அவ்வளவுதான். ஊர் தெரிந்தால் எந்தப் பணம் எந்த வழியாக எங்கே போனது, பிரெஞ்சுக் காசு மலையடிவாரச் சந்தை வரை வந்ததா என்றெல்லாம் கேட்க முடியும்.

ஐயாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி இருந்தது. வேலைக் காலத்தில் நிலம் அளக்கும் சங்கிலியோடு கிராமம் கிராமமாக நடந்தவர். பட்டா அளக்க வந்த சர்வேயரிடம் ஜனங்கள் எதையாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். ‘எங்க தாத்தா ஏர் ஓட்டுறப்ப ஒரு முந்தாணி நிறையக் காசு’ என்று யாராவது ஆரம்பித்தால் இவர் ஊரையும் சர்வே எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்வார். காசைக் கேட்கமாட்டார், விலை பேசமாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். அதனால் அவரிடம் சொன்னார்கள்.

அந்த நோட்டுகளைப் படிப்பதற்கும் இந்த மாவட்டத்தின் சரித்திரம் தெரிய வேண்டும். ‘வ.ஆ.’ என்று எழுதியிருப்பார், வட ஆற்காடு. இன்று வரைபடத்தில் அப்படி ஒரு மாவட்டம் இல்லை. 1911-ல் சித்தூர் பிரிந்து போகும்வரை மாவட்டத் தலைநகரே சித்தூர்தான். அதற்குப் பிறகுதான் வேலூர். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பழைய சீட்டு ஒன்றில் ‘நார்த் ஆற்காடு’ என்று எழுதியிருந்தால் அந்த இடம் இன்று ஆந்திராவில் இருக்கலாம், செய்யாற்றங்கரையில் இருக்கலாம், ஏலகிரி அடியிலும் இருக்கலாம். இன்னொரு சிக்கல், ‘ஆ.தா.’ என்று ஐயா சுருக்கி எழுதிய தாலுகா. ஆற்காடா, ஆரணியா? முதலாவது என்றால் ராணிப்பேட்டை மாவட்டம், இரண்டாவது என்றால் திருவண்ணாமலை மாவட்டம். அவர் இருந்தவரை ஒரு போன் அடித்தால் தீர்ந்துபோன சந்தேகம். இப்போது சர்வே எண்ணைப் பழைய கிராமப் பதிவேட்டோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

சர்வேயர் ஒருவர் காசு ஆராய்வது விசித்திரம் இல்லை. தென்னிந்தியக் காசுகளைப் பற்றிய படிப்பே வேறு வேலை பார்த்தவர்கள் கட்டியதுதான். வால்டர் எலியட் கம்பெனி காலத்து சிவில் அதிகாரி. கண்பார்வை ஏறக்குறையப் போய்விட்ட முதுமையில்தான் தன் காசு ஆராய்ச்சியைப் புத்தகமாக்கினார். வராகன் என்ற பழைய தங்கக் காசுகளைப் பற்றி எழுதிய ஜார்ஜ் பிடி ராணுவ மருத்துவர். நம் காலத்தில், பாண்டியன் பெருவழுதியின் பெயர் பொறித்த சங்க காலக் காசைப் படித்துச் சொன்ன இரா. கிருஷ்ணமூர்த்தி நாளிதழ் ஆசிரியர். அவர் 2021-ல் மறைந்தார். இவர்கள் எழுதி அச்சிட்டார்கள். ஐயா அச்சிடவில்லை. கேட்டவருக்குக் கேட்ட நேரத்தில் பதில் சொன்னார், அதோடு சரி. குழுவின் பலமும் பலவீனமும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கேள்வி கேட்பது சுலபமாக இருந்ததால் யாரும் எழுதிவைக்கவில்லை.

அந்தப் பதில்கள் எல்லாம் இருந்த ஐயாவின் போன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ப்ரீபெய்டு எண்ணைத் தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் துண்டிக்கலாம், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் சும்மா கிடந்தால் அழிந்துவிடும். மற்றவர்கள் போனில் பழைய செய்திகள் இருக்கும், ஆனால் படங்கள் இடம் போதவில்லை என்று என்றைக்கோ அழிக்கப்பட்டிருக்கும். ‘இது சென்னை, தாமரை பாதி தெரியுது பார்’ என்ற பதில் மட்டும் நிற்கும். எந்தக் காசுக்குச் சொன்னது என்று தெரியாது. குழுவில் தேடிப் பார்த்தபோது நிறைய அப்படித்தான் கிடைத்தன. அவருடைய மகனிடம் சொல்லி ரீசார்ஜ் செய்ய வைத்தோம். வேறு வழி தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோதுதான் குழுவில் பாதிப் பேர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்தார்கள். முகம் தெரியாது, காசு தெரியும். “நீங்கதான் அந்தப் பிறை போட்ட அரை ரூபாயா?” என்று ஒருவர் கேட்க, பந்தியில் உட்கார்ந்திருந்த உறவுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவுக்கு, அதாவது ஐயாவின் மனைவிக்கு, இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள் என்றே புரியவில்லை. “போன்ல எப்பப் பார்த்தாலும் பேசிகினே இருப்பாரு, ஆபீஸ் ஆளுங்கன்னு நெனச்சேன்” என்றார்.

பீரோவில் இருந்ததை என்ன செய்வது என்ற பேச்சு அன்றே வந்துவிட்டது. இப்படிப்பட்ட சேகரிப்புகளுக்கு வழக்கமாக மூன்று வழி. வெள்ளி விற்கும் விலையில், பட்டறையில் கொட்டி எடை போட்டுக் காசாக்குவது மிகச் சுலபம், மிகக் கொடுமையும்கூட. இரண்டாவது, வியாபாரியிடம் மொத்தமாகக் கொடுப்பது. நல்லவை பெருநகரங்களுக்கு ஏலத்துக்குப் போகும், மீதி சிதறும். மூன்றாவது, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகம் போன்ற இடத்துக்கு ஒப்படைப்பது. குழுவில் பலர் மூன்றாவதையே ஒரே தர்ம வழியாகப் பேசினார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். குறிப்பு இல்லாத காசு அருங்காட்சியகப் பெட்டியிலும் ஊமைதான். எந்த உறையில் எந்தக் காசு இருந்தது என்பதைக் கலைக்காமல், நோட்டு எண்ணோடு சேர்த்துப் படமெடுத்து, எடை குறித்த பிறகு எங்கே போனாலும் பாதி நஷ்டம்தான். அதைச் செய்யாமல் எங்கே கொடுத்தாலும் முழு நஷ்டம். நல்லவேளையாக மகன் அவசரப்படவில்லை. ‘முதல்ல எழுதி முடிங்க, அப்புறம் பாத்துக்கலாம்’ என்று சாவியை ஆரணி ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்தார்.

நோட்டுகள் சர்வேயர் பாணியில் பத்தி பிரித்து எழுதியவை. எடை, விளிம்பு, கொண்டுவந்தவர், ஊர், நாள், கடைசியாகச் ‘சந்தேகம்’ என்று ஒரு பத்தி. மற்ற எல்லாப் பத்தியையும்விட அதுதான் அகலம். ‘புதுச்சேரி?’ என்று எழுதி, மறுபடியும் ஒரு நாள் பார்த்து ‘??’ என்று போட்டிருப்பார். சில இடத்தில் பழைய முடிவை அடித்துவிட்டு ஏன் அடித்தார் என்றும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் அடித்த 1808-ஆம் வருடத்துப் பத்துக் காசு, இருபது காசு செப்பு நாணயங்கள் சிலவற்றுக்கு எதிரே, ‘கப்பல் காசு, நம்ம மண் இல்ல’ என்று குறிப்பு. சென்னைக்கு அந்தக் காசுகளை ஏற்றிவந்த அட்மிரல் கார்டனர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரமே மணல்திட்டில் மூழ்கியது. 1980-களில் அவற்றை டன் கணக்கில் அள்ளினார்கள். சென்னை ராஜதானிக்கு வரவேண்டியவை ஏலம் வழியாக ஒருவழியாக வந்து சேருகின்றன, ‘ஆற்காட்டுப் புதையல்’ என்ற பெயரில். கடலில் கிடந்த செம்பின் மேற்பரப்பு வேறு, ஏரி மண்ணில் கிடந்ததன் மேற்பரப்பு வேறு. ஐயாவுக்கு அது பார்த்ததும் தெரியும். அதே ரகக் காசு ஒன்றுதான் அவர் போன பிறகு ‘ஐயா பார்த்துச் சொன்ன புதையல் காசு’ என்று குழுவில் விலைக்கு வந்தது.

அங்கேதான் குழு விழித்துக்கொண்டது. ஐயா உயிரோடு இருந்தவரை அவர் பெயரைத் தவறாகச் சொன்னால் இரவுக்குள் குரல்பதிவு வந்துவிடும். இப்போது மறுக்க ஆள் இல்லை. கம்பெனிக்காவது காசில் வெள்ளியைச் சரியாகப் போடவேண்டிய கட்டாயம் இருந்தது, சராப்புக்காரன் தட்டிப்பார்ப்பான். ஐயாவின் பெயரைத் தட்டிப்பார்ப்பது யார்? நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது. ஐயா சொன்னார் என்று எழுதுகிறவர் அவருடைய பழைய செய்தியையோ நோட்டுப் பக்கத்தையோ கூடவே போடவேண்டும். அதில் காரணம் இல்லாமல் முடிவு மட்டும் இருந்தால் அது கணக்கில் வராது. விற்பனைக்கு அவர் பெயரே கூடாது. சில வியாபாரிகள் குழுவை விட்டுப் போனார்கள். போகட்டும்.

மூத்தவர்களுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. ஐயாவின் சொல்லுக்கே அத்தாட்சி கேட்பதா என்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் சந்தேகத்துக்கு அத்தனை அகலப் பத்தி ஒதுக்கியவரைச் சந்தேகமே இல்லாத முத்திரையாக ஆக்குவது மரியாதை ஆகுமா என்று அவர்களிடம் கேட்டேன். இதுவரை யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

இப்போது நடக்கும் சண்டை ஒரு ரூபாயைப் பற்றியது. ‘ஐயா உறுதி செய்த புதுச்சேரி’ என்று அதன் சொந்தக்காரர் வைத்திருந்தார். காட்பாடியில் படிக்கும் மாணவி ஒருத்தி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அது பிறையே இல்லை, பாதி விழுந்த சராப்பு முத்திரை என்று எழுதினாள். இரண்டு நாள் குழு கொதித்தது. நோட்டைப் புரட்டினால் ஐயாவே அந்தக் காசுக்கு எதிரே இரண்டு கேள்விக்குறி போட்டிருக்கிறார், காரணம் எழுதவில்லை. மாணவி எடையும், விளிம்பும், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படமும் கேட்டிருக்கிறாள். காசு குடியாத்தத்தில் இருக்கிறது. சொந்தக்காரர் எடையை மட்டும் அனுப்பியிருக்கிறார், 11.4 கிராம். அதை வைத்துச் சென்னை என்றும் சொல்ல முடியாது, புதுச்சேரி என்றும் சொல்ல முடியாது.